தாமோதரன் எழுந்தால்தான்

வேதியியல் மாதிரித் தேர்வில் வெண்ணிலா கோட்டை விட்டாள். இது ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது என்று அவள் அம்மா சரோஜா உத்தரவு போட்டாள். பி.யு.சி. பொதுத்தேர்வில் வேதியியல் தேறினால் பெங்களூரில் நர்சிங் சேரலாம். தேறாவிட்டால் அந்த ஆசைக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். நர்ஸாக வேண்டும் என்று வெண்ணிலாவுக்கு ஆசை, சரோஜாவுக்கோ பேராசை.

அழுது முடித்ததும் வெண்ணிலா மூளையைக் கசக்கினாள். எல்லாப் பாடத்தையும் கரைத்துக் குடிக்கிற வீராப்பை முதலில் விட்டாள். பழைய கேள்வித்தாள்களைப் பரப்பிப் பார்த்ததில், சில பாடங்கள் எப்போதாவது தலைகாட்டும் விருந்தாளிகள், சில பாடங்கள் வீட்டோடு மாப்பிள்ளைகள் என்று புரிந்தது. விருந்தாளிகளைக் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டு மாப்பிள்ளைகளை மட்டும் கவனித்தாள். அதில் ஒருத்தர் மசியவே இல்லை. கார்பனோடு ஒட்டியிருப்பது விலக, அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்காரும் வினை அது. எஸ்.என். ஒன்று, எஸ்.என். இரண்டு என்று அதில் இரண்டு வகை. ராத்திரி இரண்டையும் உருப்போடுவாள், காலையில் ஒன்றுக்கு இன்னொன்றைச் சொல்வாள்.

அம்மாவும் மகளும் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் ஏறுவது ஒரே ரயில். வெண்ணிலாவுக்கு மாலூரில் காலேஜ், சரோஜாவுக்குப் பெங்களூரில் துணிக் கம்பெனி. அவர்கள் ஏறும் பெட்டியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பங்காரப்பேட்டை வந்தால் ஷிப்ட் மாறும். அதுவரை உட்கார்ந்தவர் எழுந்து, அதுவரை நின்றவருக்கு இடம் விட வேண்டும். சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் இந்த ஷிப்ட் மட்டும் மூடவில்லை. ஆனால் யாரும் வெறுமனே எழுந்துவிட மாட்டார்கள். நிற்பவர் பின்பக்கமாக வந்து இடுப்பை நுழைக்க நுழைக்கத்தான் உட்கார்ந்தவர் நழுவுவார். இடம் ஒரு நொடி காலியானால் போதும், பங்காரப்பேட்டைக் கூட்டம் அமுக்கிவிடும்.

தினமும் தாமோதரனை அப்படி நகர்த்துவது ராஜப்பாவின் பொறுப்பு. தாமோதரன் செக்யூரிட்டி வேலை பார்க்கும் கனத்த மனிதர், ராஜப்பா வெல்டர். ஒருநாள் இதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வெண்ணிலாவுக்குப் பொறி தட்டியது. ஒருவர் பின்னாலிருந்து நுழைய, அதே நேரத்தில் மற்றவர் வெளியேற, இது அச்சு அசல் எஸ்.என். இரண்டு. அப்படியானால் ஒன்று? அதில் இருப்பவர் முதலில் தானாகப் போக வேண்டும், இடம் காலியாக வேண்டும், அப்புறம்தான் அடுத்தவர் வர வேண்டும். அந்த அதிசயம் இந்தப் பெட்டியில் நடந்ததே கிடையாது.

நடத்திக் காட்டச் சொல்லி இருவரையும் கேட்டே விட்டாள். எதற்கு என்று ராஜப்பா குடைந்ததில், ஃபெயிலான சங்கதி வாய் தவறி வந்துவிட்டது. சரோஜா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இதுக்கு இன்னாத்துக்கும்மா வெக்கம்? நம்ம பொண்ணு பாஸாவணும்னா நான் எழுந்துக்கிறேன்," என்றார் தாமோதரன். "ஆனா மெள்ளத்தான் எழுந்துப்பேன்."

சொன்னபடியே செய்தார். மறுநாள் பங்காரப்பேட்டையில் டிபன் பையைத் தேடினார், செருப்பைத் தேடினார், முட்டியைத் தடவிக்கொடுத்தார். ராஜப்பாவோடு இன்னும் நாலு பேர் சேர்ந்து நின்றும் ஒரு பிரயோஜனமும் இல்லை. வெண்ணிலாவுக்குச் சட்டென்று விளங்கியது. வருகிறவர்கள் எத்தனை பேரானால் என்ன, போகிறவர் போனால்தானே! அந்த மெதுவான பாதிதான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கிறது.

ஒருவழியாக இடம் காலியானது. ராஜப்பா இந்தப் பக்கமிருந்து பாய்வதற்குள், பலாப்பழத்தோடு ஏறிய ஓர் ஆள் அந்தப் பக்கமிருந்து வந்து ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார். எந்தப் பக்கமிருந்தும் வரலாம் என்று புத்தகத்திலும் போட்டிருக்கிறது. பெட்டியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, பலாப்பழக்காரர் "ஏனாயித்து?" என்று கன்னடத்தில் கேட்டு விழித்தார். பெங்களூர்வரை நின்றுகொண்டே போனார் ராஜப்பா.

பொதுத்தேர்வில் அது வந்தேவிட்டது. எஸ்.என். ஒன்றில், வந்து சேர்வதன் அளவைக் கூட்டினாலும் வேகம் ஏன் கூடுவதில்லை? வெண்ணிலா களுக்கென்று சிரித்ததில் மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். முதல் வரியிலேயே பேனா 'தாமோ' என்று எழுதிவிட்டது. அதை அடித்துவிட்டு, விலகிப் போகிற புரோமைடின் பெயரை எழுதி மேலே போனாள். கை நிற்கவே இல்லை.

ரிசல்ட் வந்த அன்று காலேஜுக்குப் போயிருந்தவள், அம்மா வேலை முடிந்து திரும்பும் சாயங்கால ரயிலில் மாலூரில் ஏறினாள். வேதியியலில் அறுபத்தெட்டு. போனில் சொல்லாமல் நேரில் சொல்ல வேண்டும் என்று பொத்தி வைத்திருந்தாள். சரோஜா கேட்டாள், மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

பெட்டியின் அந்தக் கோடிவரை நடந்து, தெரிந்தவர் தெரியாதவர் என்றில்லாமல் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். "என் பொண்ணு வெண்ணிலா. மொத பரீட்சையில கெமிஸ்ட்ரி ஃபெயிலு. இப்ப பாஸாயிட்டா. நர்ஸாவப் போறா."

அந்த ஃபெயிலை ஓரிடத்தில்கூட விடாமல், அம்மா அத்தனை பெருமையோடு சொன்னதைக் கேட்டுத்தான் வெண்ணிலாவுக்கு அழுகை வந்தது.