பந்திக்குக் குறைத்த பிட்ரேட்

நெல்லித்தோப்பில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்த அருள்முருகன், எவ்வளவு நீண்ட கல்யாணத்தையும் ஒரே டிவிடியில் அடக்கிவிடுவது வழக்கம். டிவிடியின் கொள்ளளவு ஒரு பானைச் சோறு என்றால், படத்தின் ஒவ்வொரு நொடியும் அதற்காகக் காத்திருக்கும் ஓர் இலை. ஓர் இலைக்கு எவ்வளவு என்பதே பிட்ரேட். தாலி கட்டும் காட்சிக்கு அவர் அள்ளி வைப்பார். பந்திக் காட்சிக்குக் கிள்ளி வைப்பார். பிறர் சாப்பிடுவதை யார் மறுபடி பார்க்கப்போகிறார்கள் என்பது அவர் எண்ணம்.

தந்தை பக்கிரியின் காரியம் முடிந்த சில நாளில் கார்குழலி கடைக்கு வந்தாள். அவள் கல்யாணத்தைப் படம்பிடித்தவர் அருள்முருகன்தான்.

"அண்ணே, அப்பா மூஞ்சியே தெரியலண்ணே," என்று டிவிடியை நீட்டினாள்.

"கீறல் உழுந்திருக்கும்மா. தொடச்சிப் பாத்தியா?"

"கீறலா? எங்க மாமியா தோடு மட்டும் டாலடிக்குது. அப்பா கட்டம் கட்டமா நிக்கிறாரு."

அருள்முருகன் கணினியில் போட்டுப் பார்த்தார். தாரை வார்த்தபோது குனிந்திருந்த அவள் தந்தையின் தலை மட்டுமே மேடையில் தெரிந்தது. மற்ற நேரமெல்லாம் பக்கிரி பந்தியிலேயே, வாளியும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தார். அசைவு மிகுந்த காட்சிக்குத்தான் பிட்ரேட் கூடுதலாக வேண்டும். அங்கேதான் அருள்முருகன் குறைத்திருந்தார்.

"கீறல் இல்லம்மா. நான்தான் கொறச்சி வெச்சேன்."

"எதுக்குண்ணே?"

அவர் டிவிடியை வெளியே எடுத்து உறையில் போட்டார்.

"எடுத்த படம் அப்டியே இருக்குதா? எங்கிட்ட வேற எதுவும் இல்லண்ணே."

"நாளாச்சின்னா அழிச்சிடுவோம். தேடிப் பாக்கறேம்மா."

பழைய ஹார்டு டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக இணைத்துத் தேடினார். அவள் கல்யாணப் படத்தில் பாதிக்கு மேல் அழிந்திருந்தது. பந்திக் காட்சி மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. அதைத் தனி டிவிடியில், அது தாங்கும் மிக உயர்ந்த பிட்ரேட்டில் பதிந்தார். முன்பு பேச்சுச் சத்தத்தின் மேல் ஒட்டியிருந்த நாதஸ்வர இசையை இம்முறை சேர்க்கவில்லை. உழவர்கரையிலிருந்த அவள் வீட்டுக்குத் தாமே கொண்டுபோனார்.

"தப்பு என்னோடதும்மா. இத மொதல்லயே செஞ்சிருக்கணும்," என்று சொல்லிப் படத்தை ஓடவிட்டார்.

திரையில் பக்கிரி தெளிவாக நின்றார். தோளில் துண்டு, நெற்றியில் வியர்வை, சவரத்தில் விட்டுப்போன காதோர நரை. கேமராவைக் கண்டதும் கையை வீசினார்.

"இங்க என்னாத்தப் புடிக்கிற? பொண்ணு அங்க நிக்குது, அதப் போய்ப் புடிப்பா!"

கார்குழலி வாயைப் பொத்திக்கொண்டாள். அருள்முருகன் ரிமோட்டை எடுத்தார்.

"நிறுத்தட்டுமாம்மா?"

"வேணாண்ணே," என்றாள். "பேசட்டும்."