ஒன்பதைப் பத்தாக்கிய கணக்கு

கூட வேலை பார்த்த கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளுடைய ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்குமே அவள் அண்ணியாகிவிட்டாள். அந்தக் கொழுந்தன்தான் இன்று காப்புரிமை அலுவலகத்தில், பெரிய கம்பெனியின் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தான்.

கிருமிகளுக்குக் கனமான நைட்ரஜன் கலந்த உப்பைத் தீனியாகப் போட்டால், அவற்றில் புதிதாக உண்டாகும் டி.என்.ஏ.வும் கனத்துப் போகும். பழையது எது, புதியது எது என்று எடையை வைத்தே சொல்லிவிடலாம். இப்படி எடை மாறிய அணுவால், அதாவது ஐசோடோப்பால், அடையாளம் போடுவது ஊரறிந்த சங்கதி. அதைச் சீக்கிரமாக முடிக்கும் வழிதான் அண்ணியுடையது. கம்பெனி முந்திக்கொண்டு அதற்குக் காப்புரிமை கேட்டுவிட்டது. கிடைத்துவிட்டால், தன் வழியை அண்ணியே தொட முடியாது. கூடத்தைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

"எங்க சார் எங்ககிட்ட வந்தப்புறம், சொந்த மூளையில கண்டுபிடிச்சது" என்றார் கம்பெனி வக்கீல், கொழுந்தனைக் காட்டி.

அண்ணியின் வக்கீல் பதில் சொல்ல எழுந்தார். "நீங்க சும்மா இருங்க, நானே கேக்குறேன்" என்று அண்ணி எழுந்தாள். விசாரணை அதிகாரி தலையசைத்தார்.

"தம்பி, நீங்க வாங்குற உப்பு எப்படி?"

"சுத்தமானது அண்ணி. துளி கலப்படம் கிடையாது." பழக்கதோஷம், அண்ணி என்று வந்துவிட்டது. அவன் வக்கீல் முறைத்தார்.

"அப்புறம் எதுக்கு, கனமான அணு ஒன்பது வந்தா பத்தாக்குன்னு உங்க மனுக் கணக்குல எழுதியிருக்கு?"

"அது... பிரிச்சு எடுக்கும்போது டி.என்.ஏ. கொஞ்சம் வீணாகும். அதைச் சரிக்கட்ட."

"வீணானா பழசும் புதுசும் சேர்ந்துதானே வீணாகும்? விகிதம் எப்படி மாறும்?"

அவன் மனுவைப் புரட்ட ஆரம்பித்தான்.

அண்ணி பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். அடியில் கொஞ்சம் வெள்ளை உப்பு.

"முதல்ல நாங்க வாங்கினது இது. பால்ல தண்ணி ஊத்துற மாதிரி, சாதா நைட்ரஜனைக் கலந்து வித்துட்டான். மூடி முத்திரையைப் பாத்து நம்புற ஆளா நானு? அளந்தேன். பத்துல ஒரு பங்கு குறைச்சல். அதனால ஒன்பதைப் பத்தாக்கினோம். நல்ல உப்பு வந்ததும் நிறுத்திட்டோம். தம்பி அதுக்கு முன்னாடியே, பழைய கணக்கோட கம்பெனிக்குக் கிளம்பிட்டார். நோய் எங்க புட்டிக்கு, மருந்து சாப்பிடுறது அவங்க! நல்ல உப்புல இந்தக் கணக்கைப் போட்டா, நூறு அணு இருக்கிற இடத்துல நூத்திப் பதினொண்ணு வரும். ஒருதரம் செஞ்சு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அதிகாரி கால்குலேட்டரைத் தட்டினார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். கம்பெனி வக்கீல் வாய்தா கேட்டார், கிடைக்கவில்லை. வழி அண்ணியுடையது, கம்பெனியின் மனு தள்ளுபடி என்று அன்றைக்கே ஆயிற்று.

வாசலில் கொழுந்தன் பின்னாலேயே வந்தான்.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரலாமா?"

"வாயேன். உங்க அண்ணன் வீடு, நானா தடுக்கப் போறேன்? வயிறார சாப்பிடு. ஆனா ஆய்வுக்கூடத்துப் பக்கம் தலை தெரிஞ்சுது, காலை ஒடிச்சிடுவேன்."

அவன் கொஞ்சம் தயங்கினான். "உதவாத சரக்கு. அந்தப் புட்டிய ஏன் இத்தனை நாள் வெச்சிருந்தீங்க?"

"வித்தவன் மேல கேஸ் போட வேண்டாமா?" என்றாள் அண்ணி. "அடுத்து அவன்தான்."