வெறும் நெற்றி

குங்குமச் சிமிழை மூடிக் கைப்பைக்குள் வைத்த பிறகுதான் கம்சாயினிக்கு நெஞ்சு திக்கென்றது.

த்ரீ கிங்ஸ் புறநகரின் கடைகளுக்குப் பின்னால், முன்பு தளபாடக் கடையாக இருந்த கட்டடம் அது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிக் கலைஞர்கள் சிலர் அதைத் தங்கள் கலைக்கூடமாக்கியிருந்தார்கள். தங்கள் படைப்புகளை எங்கே வைப்பது, எப்படி விளக்குவது என்று வெளியார் தீர்மானிப்பதைப் பார்த்துச் சலித்துப்போய்த் தொடங்கிய இடம். இங்கே எல்லாம் அவர்கள் சொல்வதுதான். சமையலறையையும் வாசலையும் கவனிக்க வந்த கம்சாயினிக்கு ஒரு சாவி கொடுத்திருந்தார்கள். வெளியாள் கையில் அவர்கள் கொடுத்த ஒரே சாவி.

அவர்களில் ஒருவரான ரங்கி, மூதாதை ஒருவரின் உருவமாகச் செதுக்கிய மரத்தூண் இன்றுதான் முதன்முதலாக விருந்தினர் முன் நிற்கப்போகிறது. தேநீருக்குத் தண்ணீர் வைக்க முன்னதாகவே வந்தவள் தூணைக் கண்டு கைகூப்பினாள். உடலெங்கும் செம்மண் பூசியிருந்தது. நெற்றி மட்டும் வெறுமை. நல்ல நாளும் அதுவுமாய்ப் பாழ் நெற்றியா என்று மனம் பதைக்க, விரல் தானாகவே சிமிழுக்குள் போனது.

கூடத்தை நடத்துபவர்களில் ஒருத்தியான மெரியானா, வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லியிருந்தாள்: தலை புனிதமானது, யாருடைய தலையையும் தொடாதே. அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

துணியை எடுத்தாள். துடைக்கவும் தொட வேண்டுமே. துணியைக் கீழே வைத்துவிட்டுக் கணவன் யசீகரனைப் போனில் அழைத்தாள்.

“மரத்துக்குப் பொட்டு வைச்சனீரோ?” நித்திரைக் குரலில் அவன் சிரித்தான். “மாலை போடேல்லையே?”

“பகிடி விடாதேங்கோ. எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை.”

சிவப்போடு சிவப்பு, ஒருத்தருக்கும் விளங்காது, பேசாமல் இரும் என்றான். அது சரியென்றுதான் பட்டது. ஆனால் தங்கள் பொருளில் யாரோ கைவைத்துவிட்டு வாய் திறக்காமல் போவது இவர்களுக்குப் புதிதல்லவே என்று நினைத்ததும் போனை வைத்துவிட்டாள். முருகா என்று முணுமுணுத்தபடி வாசலில் போய் நின்றாள்.

ரங்கியும் மெரியானாவும் காரைவிட்டு இறங்கியதும் சொல்லிவிட்டாள். மன்னிப்புக் கேட்டாள். தானே துடைத்துவிடுவதாகவும் சொன்னாள்.

“வேண்டாம். அது எங்க வேலை,” என்றார் ரங்கி. உள்ளே போய்த் தூணின் நெற்றியைப் பார்த்தார். “நெற்றியை வேணும்னுதான் விட்டேன். இன்னிக்குச் சடங்குல அங்கே மண் பூச வேண்டியது எங்க அக்கா.”

கம்சாயினி சாவியை நீட்டினாள். மெரியானா அதை வாங்கிக்கொண்டாள்.

கம்சாயினி வெளியே வந்ததும் கதவு உள்ளிருந்து சாத்தப்பட்டது. விருந்தினர்கள் வெளியே கூடினார்கள். ஏன் தாமதம் என்று ஒருவர் அவளிடம் கேட்டார். வீட்டுக்காரர்கள் கூப்பிடும்போது போவோம் என்று மட்டும் சொன்னாள். ரங்கியின் அக்கா வந்து, அவளைத் திரும்பிப் பாராமல் உள்ளே போனார். ஓதும் குரல் எழுந்தது, தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. தன்னால் இந்த நாளே கெட்டுவிட்டதோ? பேசாமல் காரில் ஏறிப் போய்விடலாமா?

பக்கக் கதவைத் திறந்துகொண்டு மெரியானா வந்து அவளருகே நின்றாள்.

“நீ வச்ச தண்ணி கொதிச்சு வத்திப்போச்சு, சிஸ். அதுக்கும் ஒரு மன்னிப்புக் கேளு.”

கம்சாயினிக்குச் சிரிப்பு வரவில்லை. “சாவி?”

“அதை எல்லாரும் உட்கார்ந்து பேசணும். என்ன முடிவாகும்னு எனக்கே தெரியாது. இன்னிக்கு விருந்தாளியா என்கூட வா.”

உள்ளிருந்து பெண்குரல் ஒன்று விருந்தினரை நீட்டி அழைத்தது. மெரியானா தன் கையை அவள் கையோடு கோத்துக்கொண்டாள். இருவரும் கூட்டத்தோடு நடந்தார்கள்.

தூணின் நெற்றியில் காயாத செம்மண். அதனடியில் தன் குங்குமம் இருக்கிறதா, போய்விட்டதா என்று கம்சாயினியால் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் ரங்கியின் அக்கா நின்றார். கூப்பப்போன கைகளை அவள் பாதியில் நிறுத்தினாள்.

“கும்பிடலாமா?” என்று மெல்லக் கேட்டாள்.

மெரியானா அக்காவைப் பார்த்தாள். அக்கா தூணை ஒருமுறை பார்த்துவிட்டுச் சரியெனத் தலையசைத்தார்.