பங்கின் மகன்

"அப்பா பேரு என்னா போடறதுங்க?"

ஃப்ளெக்ஸ் கடை வளவன் போனில் கேட்ட கேள்வி வீடு முழுக்கக் கேட்டது. ஆல்பர்ட்டுக்குக் காது கொஞ்சம் மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பெஞ்சில் கிடத்தியிருந்த புருஷனின் விரல்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த அமலராணி கையை நிறுத்தவில்லை. நகக்கண்ணில் வெள்ளை மண். அவர் பீங்கான் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போவதை விட்டு ஒரு மழைக்காலம் போய்விட்டது. இருமல்தான் அவரை வீட்டில் உட்கார வைத்தது. ஆனாலும் அந்த மண் மட்டும் விரலை விட்டுப் போகவில்லை.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா? அஞ்சலி பேனருக்குப் போட்டோ வந்துடுச்சு. பேரு சூசைநாதன்னு போட்டுட்டேன். கீழ 'இன்னாரின் மகனும், அமலராணியின் கணவரும், அனிஷாவின் தகப்பனாரும்'னு வரணும். அந்த மொத எடம் மட்டும் காலியா நிக்குது."

"செத்த இருப்பா, கூப்புட்றேன்."

ஆல்பர்ட் போனை அணைத்தார். தங்கையைப் பார்த்தார். அவள் அடுத்த விரலுக்குப் போனாள்.

"ராணி."

"ம்."

"ஒரு பேரச் சொல்லு."

"எந்தப் பேர?"

"ஏதாவது ஒரு பேரு. லேட் அந்தோணிசாமின்னு போட்டுருவோம்."

"எந்த அந்தோணிசாமி?"

"தெருவுக்குத் தெரு ஒரு அந்தோணிசாமி இருக்கறான். எந்த அந்தோணிசாமி கல்லறையில இருந்து எந்திரிச்சி வந்து, நான் இவனப் பெக்கலன்னு சொல்லப்போறான்?"

வேறொரு நாளாக இருந்தால் இதற்கு முதலில் சிரித்திருப்பவர் பெஞ்சில் கிடந்தவர்தான். இன்று யாரும் சிரிக்கவில்லை.

ஆல்பர்ட் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று அமலராணிக்குத் தெரியும். அனிஷாவுக்குப் பெண்ணாடத்தில் ஒரு வரன் கூடி வந்திருந்தது. பையனின் அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல கோயில் குடும்பம். அவர்களிடம், 'எங்க தங்கச்சி மாப்ள சின்ன வயசுலயே பெத்தவங்கள எழந்துட்டாரு' என்று மட்டும்தான் ஆல்பர்ட் சொல்லி வைத்திருந்தார். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

"அவங்க மத்தியானத்துக்கு மேல பஸ்ஸு ஏறுவாங்களாம். தெருமொனையில எறங்கினதும் அந்த பேனரத்தான் பாப்பாங்க. தகப்பன் பேரு இல்லாத மனுசன்னு நாமளே ஃப்ளெக்ஸ் அடிச்சி சொல்லணுமா? பொண்ணு வாழ்க்கைய நெனச்சிப் பாரு."

சமையலறை நிலையில் சாய்ந்திருந்த அனிஷா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். விடிகாலையிலிருந்து அழுத முகம்.

"மாமா சொல்றது சரிதாம்மா," என்றாள் மெல்ல. "ஒரு பேருதானே."

ஒரு பேருதானே. அமலராணி துணியைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசினாள். தண்ணீர் லேசாக வெளுத்தது.

அவருக்குச் சூசை என்ற பேர் வந்த கதை ஊருக்குப் பாதிதான் தெரியும். விருத்தாசலம் ஜங்ஷனில் தனியாக அழுதுகொண்டு நின்ற குழந்தையை உபதேசியார் சவரிமுத்து பார்த்தார். கோயில் வேலைக்கென்று வந்தவர். குனிந்து பேர் கேட்டார். குழந்தை 'சூசை' என்றது. 'அட, நம்ம புள்ளடா!' என்று தூக்கி வந்து சிஸ்டர்மார் நடத்திய இல்லத்தில் விட்டார். தேடி யாரும் வரவில்லை. ஊர் அறிந்தது இவ்வளவுதான்.

மீதிப் பாதியைக் கல்யாணமான புதிதில் ஒரு நாள், சோறு தின்றுகொண்டிருக்கும்போது அவர் அவளிடம் சொன்னார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் இருக்குது ராணி. அடிவயித்துல முட்டிக்கிட்டு நிக்குது. ஒரு பெரியவரு குனிஞ்சி என்னமோ கேக்கறாரு. நான் 'சூசூ, சூசூ'ங்கறேன். அவரு 'சூசையா'ன்னு தூக்கி இடுப்புல வெச்சிக்கிட்டாரு. அவரு வேட்டி மேலயே போயிட்டேன்."

அமலராணிக்குப் புரையேறிவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

"அப்ப நான் யாரு ராணி? எந்த வூட்டு முருகனோ. எந்த வூட்டு ரஹீமோ."

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

அதுவரை விளையாட்டாய் மனசில் கிடந்தது, வாய் திறந்து சொன்ன பிறகு முள்ளாகிவிட்டது போலும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவார். எல்லாரும் பீடத்தின் முன்னால் நன்மை அப்பம் வாங்க வரிசையில் போவார்கள். அவர் கடைசித் தூணோரம் உட்கார்ந்தபடியே இருப்பார். கேட்டால், "ஏமாத்தி வாங்கற மாதிரி இருக்குது" என்பார்.

பங்குச் சாமியார் தைரியநாதர் இதைக் கவனித்திருக்கிறார். இவர்கள் கல்யாணத்துக்கு ஓலை வாசித்தவரும் அவர்தான். 'இன்னாரின் மகன் இன்னாருக்கும், இன்னாரின் மகள் இன்னாருக்கும்' என்று கோயிலில் அறிக்கை வாசிக்கும்போது, இந்த இடத்தில் என்ன செய்யப்போகிறாரோ என்று அமலராணி முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். சாமியார் இழுக்கவுமில்லை, தடுமாறவுமில்லை. "இந்தப் பங்கின் மகன் சூசைநாதனுக்கும்" என்று வாசித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ஆல்பர்ட்டுக்கு வாய் நிற்கவில்லை. தங்கையை இப்படி ஒருவனுக்குக் கொடுப்பதில் அவருக்கு அப்போது துளியும் இஷ்டமில்லை. "பங்குக்கே மகனாம்டா! அப்ப இந்தக் கோயிலுக்கு வர்றவன் பூரா இவனுக்குப் பங்காளியா?" என்று வேப்பமரத்தடியில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். சூசைநாதன் கோபப்படவில்லை. "ஆமாங்க மச்சான், பெரிய குடும்பங்க" என்றார்.

அந்தத் தைரியநாதர் சாமியார்தான் ஒரு மத்தியானம் பேட்டைக்கு வந்தார். அமலராணி சோற்றுத்தூக்கோடு போயிருந்த நேரம். கிறிஸ்துமஸ் குடிலுக்கான பொம்மைகள் அச்சிலிருந்து எடுத்து வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. சாமியார் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்தார். ஏன் நன்மை வாங்குவதில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீ குடித்தார். ஒரு ஆட்டுக்குட்டியைக் கையில் எடுத்து, "இதுக்கு ஒரு காது சின்னதா இருக்குதேடா" என்றார். கொஞ்ச நேரம் போனதும் சூசைநாதன் தானாகவே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

சாமியார் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

"பாவம் சவரிமுத்து, அந்த வேட்டிய ஒரு வாரம் தொவச்சிருப்பான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏன்டா, ஏசுவ ஊருல யாரு மகன்னு சொன்னாங்க?"

"சூசையப்பரு மகன்னு."

"அவரா பெத்தாரு?"

சூசைநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஊரு தப்பாத்தான்டா சொல்லிச்சு. ஆண்டவரு போயி இல்ல இல்லன்னு சொல்லிக்கிட்டிருந்தாரா? அந்தப் பேருல வளந்தாரு, அந்தப் பேருல வேல செஞ்சாரு. சரி, அத வுடு. சூசைன்னு யாராச்சும் கூப்புட்டா நீ திரும்பிப் பாக்கறியா இல்லியா?"

"பாக்கறேன் சாமி."

"அப்பறம் என்ன? கூப்புட்றாங்க, நீ திரும்பற. பேருன்னா அவ்வளவுதான். ஞாயித்துக்கெழம வரிசைக்கு வந்து சேரு."

வந்து சேர்ந்தார். அதன் பிறகு எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று எவர் கேட்டாலும், "நம்ம பங்குதாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். பங்கில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கோயில் கொட்டகையிலிருந்து தூம்பாப் பாடையை இறக்கி, சவம் தூக்க முன்காலில் தோள் கொடுக்கும் முதல் ஆள் அவராகத்தான் இருந்தார். 'ஒனக்கென்ன தலயெழுத்தா' என்று அமலராணி எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறாள்.

நேற்று மத்தியானம் புதுப் பங்குத்தந்தை, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற எண்ணெய்ச் சிமிழோடு வந்தார். வயசில் அனிஷாவின் அண்ணன் போலிருப்பார். மாதா மாதம் முதல் வெள்ளியன்று நன்மை கொண்டுவந்து கொடுத்து, கட்டிலோரம் உட்கார்ந்து கொஞ்சம் கிரிக்கெட்டும் பேசிவிட்டுப் போகிறவர். நேற்று பேச்சில்லை. காலையிலிருந்து கண் திறக்காமல் கிடந்தவரின் காதருகே குனிந்து, "சூசைநாதன்" என்று கூப்பிட்டார்.

தலை திரும்பியது. கண் திறக்கவில்லை, தலை மட்டும் கூப்பிட்ட பக்கம் மெல்லத் திரும்பியது. அப்புறம் விடிகாலையில் மூச்சு நிற்கிற வரை அது எந்தப் பக்கமும் அசையவில்லை.

அமலராணி துணியைப் பிழிந்து வைத்தாள்.

"போனக் குடுண்ணா."

"என்னா சொல்லப்போற?"

"குடு."

வளவன் எடுத்தான்.

"தம்பி, 'இந்தப் பங்கின் மகன்'னு போடுப்பா."

"பங்குன்னா... ஷேருங்களாக்கா?"

"கோயில் பங்குப்பா. கோயிலும் அந்த சனமும் சேந்தது."

"எனக்குப் புரியலக்கா. ஆனா போட்டுட்றேன்."

ஆல்பர்ட் துண்டை உதறித் தோளில் போட்டார். "நல்லா இருக்குது. ஊரே நின்னு படிச்சி சிரிக்கட்டும்."

"சிரிக்கட்டும்ணா. மொதல்ல சிரிச்சது நீதானே."

வாசலில் நாற்காலி இறக்குகிற சத்தம் கேட்டது. ஆல்பர்ட் அதை மேற்பார்க்கப் போவதுபோல் வெளியே போய்விட்டார். அனிஷா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெயில் இறங்கத் தொடங்கியபோது பெண்ணாடத்துக்காரர்கள் வந்தார்கள். ஜன்னல் வழியாக அமலராணி பார்த்தாள். பையனின் அப்பா மாலையும் கையுமாகத் தெருமுனையில் நின்று பேனரைப் படித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரும்பவும் படித்தார். உள்ளே வந்து மாலை போட்டார், சிலுவை வரைந்துகொண்டார், பந்தலில் போய் ஆல்பர்ட் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னவோ கேட்டார். ஆல்பர்ட் தரையைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் பதில் சொன்னார். பையனின் அம்மா அனிஷாவின் கன்னத்தைத் தொட்டு, "அழாத பாப்பா" என்றாள். அதோடு சரி.

"அடக்கத்துக்கு இருந்துதான் போவணும். இருட்டினா பஸ்ஸு செரமங்க. அப்பறமா போன் பண்றோம்," என்றார் பையனின் அப்பா.

"போயிட்டு வரேன்" என்று சாவு வீட்டில் சொல்லக்கூடாது. அவர்கள் சொல்லாமல்தான் போனார்கள். ஆனால் அந்தப் போகிற நடையில் வேறு எதுவோ இருந்தது போல அமலராணிக்குப் பட்டது. மகளின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். அனிஷா. கிண்ணத்துத் துணியை எடுத்து, அப்பாவின் இன்னொரு கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு நகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

"வரவே மாட்டேங்குதும்மா."

"இருக்கட்டும் வுடு."

ஃபாதர் வந்து செபம் சொல்லி முடித்தார். பிறந்த வீட்டுக் கோடியை ஆல்பர்ட் தங்கையின் தோளில் போர்த்தினார். இவர்கள் வகையறாவில் மச்சான் வேலை கோடியோடு முடிந்தது. தூக்குவது பங்காளிகள்.

பேட்டையில் சூசைநாதனோடு கூட வேலை பார்த்த பக்கிரிதான் எல்லா ஏற்பாட்டையும் ஓடியாடிச் செய்துகொண்டிருந்தான். சவப்பெட்டியைத் தூம்பாவில் வைத்ததும், எல்லாச் சாவிலும் கேட்கிற பழக்கத்தில் குரல் கொடுத்தான்.

"பங்காளிங்கள்லாம் முன்ன வாங்கப்பா!"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். அடித்துக்கொண்டிருந்த மேளமும் ஏனோ அந்த நேரம் பார்த்து நின்றது. பந்தலில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் நகரவில்லை. அமலராணி கோடிப் புடவையின் முனையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஆல்பர்ட் தோள் துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். தூம்பாவின் முன்காலுக்குப் போய்க் குனிந்தார்.

"மாமா, நீங்க தூக்கக்கூடாதுங்களே..." என்றது ஒரு குரல்.

"வாங்கப்பா," என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "ஏன் நிக்கிறீங்க? பெரிய குடும்பந்தானே."

பந்தல் அசைந்தது. தெரு செபக்குழுவான அன்பியத்து ஆட்கள், கொயர் பாடுகிற பையன்கள், கோயில் கணக்கப்பிள்ளை என்று ஒவ்வொருவராக வந்தார்கள். பிடிக்க இடமில்லாமல் நெருக்கியடித்தார்கள்.

"நானும் புடிக்கலாமுங்களா? நான் கோயிலு கெடையாது" என்றான் பக்கிரி.

"ஒன்ன யார்றா அது கேட்டது? புடி," என்றார் ஆல்பர்ட்.

கல்லறைத் தோட்டத்தில் ஃபாதர் மந்திரித்த தண்ணீர் தெளித்தார். பெட்டியை இறக்கினார்கள். அனிஷா கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி மண் போட்டாள். அடுத்து அமலராணியை நிறுத்தினார்கள். குனிந்து மண்ணை அள்ளினாள். செம்மண், இவர் விரலில் இருக்கிற மண் இல்லை. குழியைப் பார்த்தபடி கையை நீட்டினாள்.

பின்னால், பக்கத்து வீட்டுத் துர்காவின் இடுப்பிலிருந்த பெண் குழந்தை நெளிந்தது.

"ம்மா... சூசூ."

அமலராணி சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

துர்கா முகம் சிவக்க, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மதிலோரம் வேகமாக நடந்தாள். அவர்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் மறைகிற வரை அமலராணி அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மண் இன்னும் கையிலேயே இருந்தது.