பன்னிரண்டு எலிகளும் சொருகாத ஒயரும்

பரிசு வரப்போகிறது என்று சொல்லும் ஒரு மூலை மூளையின் ஆழத்தில் இருக்கிறது. அங்கே இடைநரம்பணுக்கள் என்று ஒரு சிறு கூட்டம். எண்ணிக்கையில் சொற்பம், ஆனால் அக்கம்பக்கத்து அணுக்களை மேய்ப்பது அவைதான். பரிசுக்கான அறிகுறி தெரிந்ததும் இந்தக் கூட்டம் ஒரு கணம் வாயை மூடும். மூடச் சொல்வது யார் என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. வேறொரு பகுதியிலிருந்து வரும் நரம்பிழைதான் என்று பேராசிரியர் முடிவே செய்துவிட்டார். நிரூபிப்பது மட்டும் பாக்கி. அந்தச் சில்லறை வேலை என்னுடையது.

எலியின் தலைக்குள் மெல்லிய கண்ணாடி இழை வைத்து, அந்த நரம்பிழைமேல் நீல வெளிச்சம் பாய்ச்ச வேண்டும். அடுத்த நொடி குழாயில் சர்க்கரைத் தண்ணீர் சொட்டும். வெளிச்சம் பாய்ந்ததுமே எலி குழாய்க்கு ஓடினால் வெற்றி. முதல் நாள் தயங்கின. 'புது இடம்' என்று குறித்துக்கொண்டேன். பிறகு பன்னிரண்டு எலிகளும் பறந்தன. பேராசிரியர் மாநாட்டில் பேச இடம் வாங்கிவிட்டார்.

என் அண்ணன் அதே கட்டடத்தில் மின்பணியாளர். பன்னிரண்டாம் நாள் குளிர்சாதனத்தைப் பார்க்க வந்தவர், மேசைக்குப் பின்னால் குனிந்தார்.

"ஏம்மா, எலித் தலைக்குப் போற இந்த ஒயர் விளக்குப் பெட்டியில சொருகவே இல்லையே. வெளிச்சம் எங்கேருந்து வருது?"

வரவில்லை. பதினோரு நாளும் வரவில்லை. வெளிச்சம் கசியாமலிருக்க ஒயர்மேல் கறுப்பு உறை போட்டிருந்ததால் எனக்கும் தெரியவில்லை. வெளிச்சத்தை விட விளக்குப் பெட்டியின் மூடி திறக்கும்போதெல்லாம் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். எலிகள் அதைக் கற்றுக்கொண்டிருந்தன. முனைவர் பட்டம் வாங்கிய நான் கற்றுக்கொள்ளவில்லை.

பேராசிரியரிடம் சொன்னதும் எழுந்து கதவைச் சாத்தினார். ஒயரை இனிமேல் சொருகினால் போதாதா, பழைய எண்களை எதற்குத் தொட வேண்டும் என்று பெருந்தன்மையோடு கேட்டார்.

"சத்தம் கேட்டுத்தான் ஓடுச்சுன்னு யாருக்கும்மா தெரியும்?"

"எலிக்குத் தெரியும் சார். இப்ப எனக்கும் தெரியும்."

அவர் முன்னாலேயே பழைய பதிவுகளில் 'செல்லாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. வேலை நிம்மதியாக நடந்தது.

சத்தம் கேட்காதபடி பெட்டியை அடுத்த அறைக்கு மாற்றிப் புது எலிகளோடு ஆரம்பித்தேன். இந்த முறை வெளிச்சம் பாய்ந்தது. இடைநரம்பணுக்கள் உண்மையிலேயே அடங்கின. எலிகள் எங்கும் ஓடவில்லை. பிறகு பல மணியோசைகளைக் கேட்கவிட்டபோது, எது பரிசுக்கானது என்பதை மட்டும் வெளிச்சம் பாய்ச்சாத எலிகளைவிடக் கொஞ்சம் சீக்கிரம் பிடித்துக்கொண்டன. சின்ன விஷயம்தான், ஆனால் நிஜம்.

மாநாட்டில் பேராசிரியர் அதைத்தான் பேசினார். முதல் முடிவுகள்மேல் தனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்ததாகவும் சொன்னார். பலத்த கைதட்டல்.

கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்லும் வரியில், அண்ணன் பெயரை நானே சேர்த்தேன். அண்ணி அதைப் படமெடுத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார். அண்ணன் மூளை ஆராய்ச்சியில் இருப்பதாகப் பேச்சு. மறுக்க எனக்கு மனசு வரவில்லை.