கதைக்க வேணும்

‘எழுதுவோர் தோள்’ என்ற வாட்ஸ்அப் குழுவில் நூற்றுப் பதினான்கு பேர் இருந்தார்கள். பெயரைப் பார்த்துவிட்டு, சாய்ந்துகொள்ள ஒரு தோளாவது அகப்படாதா என்று நிர்மலாதேவி நம்பினாள். நம்பியது அவள் குற்றமில்லை. ‘எழுத்தாளர்களின் மனச்சுமைக்கு ஓர் ஆதரவுக் குழு’ என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே என்னவோ, விடிந்தால் ரோஜாப்பூப் படமும் பொழுது சாய்ந்தால் நிலாப் படமுமாக ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அறுபத்து மூன்று வயது. நில அலுவலகத்தில் கோப்பு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவள். சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், கெலாங் பாத்தாவில் ஒரு வரிசை வீட்டில் கணவர் தேவானந்தனோடு இருந்தாள். இருந்தாள் என்பதைவிட அடைபட்டுக் கிடந்தாள் என்பதுதான் சரி. ஒரே மகள் தர்மினி பெர்த்தில் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் கூப்பிட்டு, "அம்மா, யூ ஆர் சோ ஸ்ட்ரோங்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அக்கம்பக்கத்தார் எல்லாரும் இருட்டோடு பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்புகிறவர்கள். பகல் முழுக்க அந்தத் தெருவில் நாய்கூடக் குரைக்காது.

இரண்டு வருடத்துக்கு முன் வந்த பக்கவாதம் தேவானந்தனின் வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்தது: ‘ஓம்.’ யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல். பசிக்குதோ? ஓம். பசிக்கேல்லையோ? அதற்கும் ஓம். ஆஸ்பத்திரியில் ஒரு தாதி, மனுஷன் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக் கைகூப்பிவிட்டுப் போனாள். அவருக்கு வெறும் தண்ணீர்கூடக் கொடுக்க முடியாது. கெட்டியாக்கும் பவுடர் ஒரு கரண்டி கலந்தாக வேண்டும். இல்லாவிட்டால் புரையேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஒருமுறை இறங்கி, பதினொரு நாள் வார்டில் கிடந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை, இனித் தாங்காது என்று தோன்றியபோது, நிர்மலாதேவி குழுவில் எழுதினாள்: "வணக்கம். ஆரோடையாவது கொஞ்சம் கதைக்க வேணும். முடியுமோ?"

அவள் வீட்டுத் தமிழில் கதைப்பது என்றால் பேசுவது. குழுவை நடத்திய ஷரோனோ ரப்பர்த் தோட்டத்து வழி வந்த பிள்ளை; அவர்கள் வீட்டில் பேசுவதைக் கதைப்பது என்று சொல்வதில்லை. அதுவும் எழுத்தாளர் குழு. அவளுக்குக் கதை என்றால் கதைதான். உடனே பதில் போட்டாள்: "தாராளமா அக்கா! கதைக்கு வியாழக்கிழமை. ஆயிரம் சொல்லுக்கு மேல போகக்கூடாது லா."

‘அதில்லைப் பிள்ளை’ என்று எழுதப் போனவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுதியதை அழித்துவிட்டாள். வியாழக்கிழமை வந்ததும், சொல்ல நினைத்ததை எல்லாம் கதையாகவே எழுதிப் போட்டாள். கணவனுக்குக் கந்தப்பு என்றும் மனைவிக்குத் திலகம் என்றும் பெயர் வைத்தாள். திலகம் ராத்திரியில் நாலு தடவை எழும்பிக் கணவனைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுகிறாள். சில நாள் அவர் முகத்தைப் பார்த்தாலே அறைய வேண்டும் போலிருக்கிறது. ஒருநாள் அறைந்தும்விட்டாள்.

பாராட்டு குவிந்தது. "மண்ணின் குரல்" என்றார் ஒருவர். "அந்த அறை இருக்கே, சூப்பர் அக்கா" என்றாள் ஷரோன். உயிருள்ள ஒரு கன்னத்தில் விழுந்த அறை அது. நிர்மலாதேவி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்தக் கன்னத்தைப் போய்த் தடவிக் கொடுத்தாள்.

அமலநாதன் என்று ஒருவர் மட்டும் பாராட்டவில்லை. மாசாயில் ஏதோ ஃபேக்டரியில் சூப்பர்வைசர். சாமானில் ஓட்டை பார்த்துப் பார்த்துப் பழகிய கண், கதையிலும் அதையேதான் தேடும். "கந்தப்பு ஏன் எதுக்கெடுத்தாலும் ஓம் ஓம்னு மந்திரம் சொல்றாரு? நான் சர்ச்சுக்குப் போற ஆளு, புரியல" என்று கேட்டிருந்தார். அவள் விளக்கினாள். "அதைக் கதையிலயே சொல்லியிருக்கணும்" என்று முடித்துக்கொண்டார். அவரை அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

இரண்டாவது வியாழன் பவுடரைப் பற்றியும் பதினொரு நாள் வார்டைப் பற்றியும் எழுதினாள். மூன்றாவது வியாழன், திலகம் ஒரு பையில் துணி அடுக்கி வைத்திருப்பதை எழுதினாள். "இது நீங்களா?" என்று யாராவது கேட்பார்கள் என்று ராத்திரி வரை பார்த்திருந்தாள். ஒருத்தரும் கேட்கவில்லை. "திலகம் வீட்டை விட்டு வெளியேறணும். அப்பதான் கதை நிக்கும்" என்று ஒரு பெண்மணி எழுத, அதற்கு நாற்பது இதயங்கள் விழுந்தன. கதைதானே, யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் வெளியே அனுப்பலாம். நிர்மலாதேவிக்கோ அது ஊர் கூடி உத்தரவு கொடுத்த மாதிரி இருந்தது. அந்தப் பை உண்மையிலேயே கட்டிலுக்கு அடியில் இருந்தது.

நாலாவது வியாழன் காலை அவருக்குக் கஞ்சி ஊட்டி, துடைத்து, உடுப்பு மாற்றி, நாற்காலியில் இருத்தினாள். இடது கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தாள். பிறகு அவர் முன்னால் நின்று கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, நான் போகட்டோ?"

"ஓம்" என்றார்.

அந்தச் சொல்லுக்கு என்ன பெறுமதி என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றிக்கொண்டாள். கேட்டைப் பூட்டி, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். லார்க்கின் பஸ் நிலையத்துக்குப் போய் அங்கிருந்து எந்தப் பஸ் முதலில் புறப்படுகிறதோ அதில் போய்விடுவது. அதற்குமேல் அவளிடம் திட்டம் எதுவும் இல்லை.

பஸ்ஸில் இருந்தபடியே முடிவை எழுதிப் போட்டாள்: "திலகம் ஒரு கிளாஸ் தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கேட்டைப் பூட்டி, பஸ் ஏறிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை." கைதட்டும் கைகள் வரிசையாக வந்தன. ‘விடுதலை!’ என்றது ஒன்று. அவற்றுக்கு நடுவே அமலநாதன்:

"ஒரு ஓட்டை. அந்தத் தண்ணியில பவுடர் கலந்தாளா இல்லையா? ரெண்டு வாரத்துக்கு முன்ன நீங்கதான் எழுதுனீங்க. வெறுந்தண்ணி குடிச்சா அந்த ஆளு செத்துருவாரு. ஆசிரியர் மறந்துட்டாங்க."

"அங்கிள், கதையைக் கதையா பாருங்க லா" என்று ஷரோன் பாய்ந்தாள்.

ஆசிரியர் மறந்துதான் போயிருந்தாள். கிளாஸ் கண்முன் நின்றது. தெளிந்த தண்ணீர், அடி வரை தெரிந்த தண்ணீர். இரண்டு வருடம், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஒரு தடவைகூட மறக்காத கை அது. மறந்ததா, மறக்க வேண்டும் என்றே மறந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த எண்ணம் வந்ததும் எழுந்துவிட்டாள். மணியை அழுத்தி, பஸ் நிற்கும் முன்னே கதவடிக்கு ஓடினாள்.

வீட்டிலிருந்து நாலு நிறுத்தம்தான் வந்திருந்தாள். எதிர்ப்பக்கம் பஸ் எதுவும் வருகிற மாதிரி இல்லை. கிராப் வாடகைக் கார் வரப் பதினேழு நிமிடம் என்றது போன். குழுவில் தட்டினாள்: "இது கதை இல்லை. அவர் என்ர மனுசன். வீடு பூட்டிக் கிடக்கு. வெறுந்தண்ணி வைச்சிட்டு வந்திட்டன். ஆராவது உதவுங்கோ."

"வாவ்! கதைக்குள்ள கதை!" என்று ஒருவர் எழுதினார்.

"மீபுனைவு! நம்ம நாட்டுல யாரும் இப்படி முடிச்சதில்ல" என்றார் இன்னொருவர். பத்துப் பன்னிரண்டு கைகள் தட்டின. நட்டநடு ரோட்டோரத்தில், பட்டப்பகலில், நூற்றுப் பதினான்கு பேருக்கு நடுவே அவள் "ஐயோ" என்று வாய்விட்டுக் கத்தினாள்.

போன் அடித்தது. தெரியாத எண்.

"அக்கா, நான் அமலநாதன். எங்க இருக்கீங்க?"

அவள் சொன்னாள். வீட்டு எண்ணையும் தெருவையும் சொன்னாள்.

"சாவி யாருகிட்ட?"

"என்னட்டைத்தான்."

"அப்ப நீங்கதான் ஓடணும். இங்க கூட வேலை செய்றவங்க ஆம்புலன்சுக்கு போன் அடிக்கிறாங்க. நான் மாசாய்லேர்ந்து வர ஒரு மணி நேரம் ஆவும். ஓடுங்க. போனை வைக்காதீங்க, பேசிக்கிட்டே ஓடுங்க."

"என்னத்தைக் கதைக்க?"

"எதையாவது பேசுங்க. அவரு பேரு என்ன? கந்தப்பு இல்ல, நெசப் பேரு."

"தேவானந்தன்" என்றாள். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லியே மாதக்கணக்காகியிருந்தது. பையை எங்கேயோ போட்டுவிட்டாள். முட்டிவலியோடு, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, ஓட்டமும் நடையுமாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவர் நில அளவையாளராக இருந்ததை, சாஆ என்கிற ஊர்ப் பக்கத்துச் செம்பனைக் காடெல்லாம் நடந்து அளந்த கால் என்பதை, கல்யாணமான புதிதில் வாய் ஓயாமல் பேசி அவளைத் தூங்க விடாததை. அறைந்ததைச் சொன்னபோது நின்றுவிட்டாள். "ம்" என்றார் அமலநாதன். "ம், அப்புறம்? நிக்காதீங்க." இரண்டு வருடத்துப் பேச்சு அந்த இருபது நிமிடத்தில் வெளியே வந்தது.

கேட்டில் சாவி இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாம் தடவை திறந்தது.

தேவானந்தன் நாற்காலியில் இருந்தார். கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. கிளாஸ் வைத்த இடத்தில் இல்லை. இடது கையால் எட்டாத தூரத்துக்கு, மேசையின் மறு ஓரத்துக்குத் தள்ளிவிட்டிருந்தார். ஒரு சொட்டுக் குறையவில்லை. உதடு காய்ந்திருந்தது.

அவள் அவர் காலடியில் விழுந்தாள்.

"போகட்டோ எண்டு கேக்க நீங்கள் ஓம் எண்டியள். மெய்யாவே போகச் சொன்னனீங்களோ?"

அவர் வாயைத் திறந்தார். அவளுக்கு உயிரே போய்விட்டது. அவரிடம் இருப்பது ஒரே ஒரு சொல், அது எதற்கும் வந்துவிடும் சொல். உதடு குவிந்தது, நடுங்கியது. அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு ‘ஓம்’ வரவில்லை.

தரையில் கிடந்த போனில் அமலநாதன் கத்திக்கொண்டிருந்தார். "அக்கா! இருக்காரா? அக்கா, ஏதாச்சும் சொல்லுங்க!"

அவள் போனை எடுத்தாள்.

"ஓம்" என்றாள்.

அதற்குமேல் அவளுக்கும் ஒரு சொல் வரவில்லை. மாசாயில் இருந்த மனுஷன் அதற்கு அர்த்தம் கேட்கவில்லை.