நாலு செல்லுக்கு ஒரு பெட்டி

பெட்டியை எதில் செய்வது என்பதில்தான் எனக்கும் அக்கா புருஷனுக்கும் சண்டை முற்றியது. அதற்கு முன்னால் நாங்கள் கொஞ்சிக் குலாவிக்கொண்டிருந்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். முந்தைய சண்டைகளுக்குக் காரணம் தேவைப்பட்டதில்லை. இதற்கு ஒன்று இருந்தது.

அப்பா இருபத்திரண்டு வருடம் கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். நுரையீரல் முழுக்கக் கல்தூள். இழப்பீடு கிடைக்க, அது அந்த வேலையால் வந்த நோய்தான் என்று ஒரு மருத்துவக் குழு பார்த்துச் சொல்ல வேண்டும். குழு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடுகிறது. ஆள் நேரில் வர வேண்டும். போன தடவை அப்பாவால் போக முடியவில்லை. இந்தத் தடவையும் வராவிட்டால் கோப்பை மூடிவிடுவோம் என்று கடிதத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அங்கே போகப் பஸ்ஸில் ஐந்து மணி நேரம். மூக்கில் குழாய் இல்லாமல் வாசல்வரை நடந்தாலே அப்பாவுக்கு உதடு கறுத்துவிடும். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆக்சிஜன் மிஷின் தோளில் மாட்டிக்கொள்ளும் பை அளவுதான். ஆனால் அதன் உள்பேட்டரி கிழடு தட்டிப்போனது, ஒரு மணி நேரம் இழுத்தால் அதிகம். அதனால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க நான் ஒரு லித்தியம் பேட்டரி கட்டினேன். கனமான நாலு செல், அவற்றைக் கண்காணிக்க ஒரு சர்க்யூட் போர்டு. நான் எலக்ட்ரிக்கல் படித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். இன்வெர்ட்டர் சர்வீஸ் கடையில் வேலை. பேட்டரி கட்டுவது எனக்குக் கை வந்த வேலை. பெட்டிதான் தலைவலி. ஆக்சிஜன் குழாய்க்குப் பக்கத்தில், ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் பஸ்ஸில், சீட்டுக்குக் கீழே அது இருக்கப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் துண்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிளைவுட், அரிசி டப்பாவிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக், சூடாக்கித் தட்டையாக்கிய பிவிசி குழாய், அலுமினியத் தகடு, பழைய சுவிட்ச் போர்டிலிருந்து கழற்றிய ஃபைபர் ஷீட். அக்கா புருஷன் வந்தார். கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். பிளைவுட்டைக் கால் விரலால் தள்ளினார்.

"என்ன, குப்பைக் கடை போட்டிருக்க?"

"காலை எடுங்க மாமா. அளந்து வச்சிருக்கேன்."

பேட்டரிக்குப் பெட்டி என்று சொன்னதும் சிரித்தார். மூணு எம்எம் இரும்புத் தகட்டில் சுற்றிலும் வெல்டிங் வைத்துக் கொடுத்தால் உள்ளே வெடித்தாலும் வெளியே தெரியாதாம். அப்படி இறுக்கி மூடினால் அதற்குப் பெயர் பெட்டி இல்லை, வெடிகுண்டு என்றேன். செல் கெட்டால் புகை கக்கும். அது வெளியேற வழி வேண்டும். இந்த செல்லின் உடம்பே அலுமினியம், அதிலும் கரண்ட் இருக்கும், மேலே இருக்கிற நீலத் தோல் உரசிக் கிழிந்தால் இரும்பில் ஷார்ட் ஆகும். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் அப்பாவைப் பார்த்துப் பேசினார். எனக்குப் பதில் சொல்லும்போதும் அப்பாவைத்தான் பார்ப்பார்.

"நாலு வருஷம் படிக்க வச்சீங்களே மாமா, டப்பா மூடினா வெடிக்கும்னு படிச்சிருக்கு," என்றார் அப்பாவிடம்.

அப்பா சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துண்டுகளைக் கொல்லைக்கு எடுத்துப்போய், குறட்டில் பிடித்து, அக்கா புருஷன் கண்முன்னாலேயே ஒவ்வொன்றாக நெருப்பில் காட்டினேன். அரிசி டப்பா மெழுகு மாதிரி ஒழுகி, ஒழுகிய இடத்திலும் எரிந்தது. பிளைவுட் சாவகாசமாகப் பிடித்தாலும் விடாமல் எரிந்தது. பிவிசி கறுப்பாகப் புகைந்து தொண்டையை அறுத்தது. அதை மண்ணில் போட்டு மிதித்தேன். ஃபைபர் ஷீட் ஓரத்தில் கருகியதோடு சரி.

"அலுமினியப் பெட்டி. உள்ளே சுத்தி ஃபைபர். பக்கத்துல ஓட்டை. அவ்வளவுதான்," என்றேன்.

தகட்டை மடிக்கும் மிஷின் அவரிடம்தான் இருந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல். படம் வரைந்து, மில்லிமீட்டரில் அளவு போட்டு, அக்கா கையில் கொடுத்தனுப்பினேன்.

திங்கட்கிழமை பெட்டி வந்தது. இரும்பு. கேட்டுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்ட். ஓட்டை கிடையாது. அலுமினியத்தில் பாத்திரம் செய்யலாம், பெட்டி செய்யக் கூடாது என்று சொல்லியனுப்பியிருந்தார். அவர் ஆசையாகச் செய்தார், முகத்தை முறிக்காதே என்றாள் அக்கா. அந்த வீட்டில் அவருடைய முகத்துக்குத்தான் எத்தனை காவல்.

அங்கேதான் நான் தப்பு செய்தேன். நாள் இல்லை என்று ஒத்துக்கொண்டேன். டிரில்லை வைத்துப் பக்கவாட்டில் ஓட்டை போட்டேன், ஐந்து பக்கமும் ஃபைபர் ஒட்டினேன், செல்களை இறக்கி, மூடிக்குப் பதினாறு சின்ன ஸ்க்ரூ முடுக்கினேன். மிஷினை மாட்டிப் பார்த்ததில் ஏழு மணி நேரம் ஓடியது. ஆனால் அந்த இரும்பின் கனம் நான் தைத்திருந்த துணிப் பட்டையை அறுத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வரும்போது வேறு பட்டை வாங்கி வருகிறேன், யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

சாயங்காலம் வந்தபோது பெட்டிக்குக் கைப்பிடி இருந்தது. வழவழவென்று தேய்த்த நல்ல கைப்பிடி. இரண்டு பக்கமும் வெல்டிங். அவர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவின் முகத்தில் பெருமை.

"செல்லை வெளியே எடுத்தீங்களா?" என்றேன்.

"எதுக்கு? இத்தனூண்டு ஸ்க்ரூ பதினாறை யார் கழட்டுறது? ரெண்டே பொட்டு. ஈரத்துணி சுத்தித்தான் வச்சேன். தண்ணி நிறைஞ்ச டேங்குக்கே வெல்டிங் வச்சவன்மா நான்."

பெயிண்ட் தின்னர் மாதிரி, கொஞ்சம் தித்திப்பாக ஒரு வாடை வந்தது. புதுப் பெயிண்ட்தான் என்றார் அவர். பெட்டியைக் கொல்லைக்குத் தூக்கிப்போய் மூடியைக் கழற்றினேன். வெல்டிங் வைத்த இரண்டு இடத்திலும் ஃபைபர் காசளவு கருகியிருந்தது. ஒரு கருகலுக்குப் பின்னால் செல்லின் நீலத் தோல் சுருங்கி ஒட்டி, உடம்பு உப்பியிருந்தது. மீட்டர் வைத்தேன். மூன்று செல் சரியாகக் காட்டின. உப்பியதன் வோல்டேஜ் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார். "போர்டுல பச்சை லைட் எரியுதே. அப்புறம் என்ன?"

அப்பாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு, மிஷினைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக் கதவுவரை வந்துவிட்டார். மாப்பிள்ளை சொல்வதுதான் சரி, ஐந்து மணி நேரம்தானே, அதுவரை தாங்கும் என்றார். நான் சர்க்யூட் போர்டின் ஒயரைக் கட்டரில் பிடித்தேன்.

"அதை வெட்டின, நான் உன்கூடப் பேச மாட்டேன்," என்றார் அப்பா. "நான் எப்படியும் போகப்போறவன். பஸ்ஸுல போனா என்ன, பாயில போனா என்ன?"

"நீங்க போவீங்கப்பா. பஸ்ஸுல இருக்கிற மத்தவங்க எதுக்குப் போகணும்?"

வெட்டினேன். ஒவ்வொரு ஒயராக. உப்பிய செல்லை வாளி மணலில் புதைத்து, வீட்டைவிட்டுத் தள்ளி வைத்தேன். அக்கா புருஷன், இந்த வீட்டுக்கு நல்லது செய்ய வந்த தன்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று ஏதோ ஆரம்பித்தார். அது உங்கள் இஷ்டம், இப்போது வெளியே போங்கள் என்றேன். அக்கா அழுதாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

மூன்று செல்லில் மிஷின் ஓடாது, புது செல் வாங்கிக் கட்ட நாள் இல்லை. பெட்டி இல்லாமல் போக ஒரே ஒரு வழிதான் இருந்தது. அப்பா அதை முதலிலேயே வேண்டாம் என்றிருந்தார். ஒரு மணி நேரத்துக்குள் இறங்கி, யாராவது கடையில் பிளக் கேட்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து உள்பேட்டரியை ஏற்றி, அடுத்த பஸ். மூக்கில் குழாயோடு ஊர் பேர் தெரியாத கடையில் உட்கார்ந்து, போகிற வருகிறவன் எல்லாம் பாவம் என்று பார்க்க வேண்டும். ஒரு பிச்சைக்காரனுக்குக்கூட இதைவிட மரியாதை இருக்கும் என்பார்.

புதன்கிழமை விடிந்ததும் நான் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். குழாய் நாலடிதான். மிஷின் நகர்ந்தால் அவரும் நகர்ந்துதான் ஆக வேண்டும். செருப்பைப் போட்டார்.

முதல் கடை பஞ்சர் ஒட்டும் கடை. ஒரு மூலையைக் காட்டினான், உட்கார்ந்தோம். இரண்டாவது மருந்துக் கடை. பிளக் இல்லை என்றான். அவன் தலைக்கு மேலேயே மூன்று பிளக் இருந்ததைச் சுட்டிக்காட்டினேன். முறைத்துக்கொண்டே கொடுத்தான். இதற்குள் அக்கா புருஷன் ஆறு தடவை ஃபோன் செய்துவிட்டார். எடுக்கவில்லை. மூன்றாவது ஜெராக்ஸ் கடை. அங்கிருந்த அம்மா, மிஷின் வெடிக்காதல்லவா என்று கேட்டாள். வெடிக்கிறதை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறோம் என்றேன். அந்தம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு மணி நேரத்திலேயே கிளம்பச் சொல்லிவிட்டாள்.

பாதிதான் ஏறியிருந்தது. அடுத்த பஸ்ஸில் அரை மணி நேரம்தான் போக முடிந்தது. இறங்கிய இடத்தில் ஒரு தையல் கடையும் ஒரு செல்ஃபோன் கடையும் இருந்தன. நான் செல்ஃபோன் கடைப் பக்கம் திரும்பினேன். அப்பா என் முழங்கையைப் பிடித்தார்.

"நீ இரு. நீ கேக்கிறது சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கு."

நேற்றுச் சாயங்காலத்துக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, குழாய் இழுபடாமல் நான் பின்னாலேயே வருகிறேனா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, தையல் கடைப் படியில் ஏறினார்.

"தம்பி, ஒரு பிளக் வேணும்," என்றார். "ரெண்டு மணி நேரம் ஆகும். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நான் ஒரு இடத்துல இருந்தாகணும்."